தடுப்பூசிக்குத் துணை நின்ற இராஜகுமாரி

நம்மில் பெரும்பாலோருக்கு இடது தோளுக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு தழும்பு உண்டு. சட்டைக் கையை இலேசாக உயர்த்திப் பார்த்தால் தெரியும். அது விழுந்து வந்த காயம் அன்று; நெருப்புச் சுட்டதும் அன்று. நாம் பிறந்த சில நாட்களுக்குள் மருத்துவமனைத் தாதி ஒருவர் தோலுக்குள் மெல்லச் செலுத்திய பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. நம் பாட்டிமாரின் கையைப் பார்த்தால், அம்மை குத்திய பெரிய வட்டத் தழும்பும் இருக்கும். 1975-ஆம் ஆண்டோடு நம் நாட்டை விட்டுப் பெரியம்மை ஒழிந்தபடியால் நமக்கு அந்த வட்டத் தழும்பு இல்லை. சிறியது மட்டும் உண்டு.

இந்தச் சிறு தழும்பை இந்தியக் குழந்தைகளின் கைகளில் இடுவதற்காக ஓர் அம்மையார் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர் அரச குலத்தில் பிறந்தவர். காந்தியடிகளின் செயலாளராக இருந்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சர். இராஜகுமாரி அம்ரித் கௌர் என்ற அவருடைய பெயரைப் பொது அறிவுப் போட்டிக்காக நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதற்கு மேல் அவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது. அவருக்கு ஏற்பட்ட மிகப் பெரிய எதிர்ப்பு நம் தியாகராய நகரிலிருந்து, நாம் தினமும் கடந்து செல்லும் பசுல்லா சாலையிலிருந்து எழுந்தது என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பு தாங்கவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு மலரில் அவருடைய வரலாற்றை எழுத முன்வந்தோம்.

அம்ரித் கௌர் 1887-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் லக்னோ நகரில் பிறந்தார். அவர் தந்தை ராஜா ஹர்நாம் சிங், பஞ்சாபிலுள்ள கபூர்தலா அரச குடும்பத்தில் தோன்றி, அங்கிருந்து விலகிக் கிறிஸ்துவரானவர். தாயார் பிரிசில்லா, வங்காளத்திலிருந்து பஞ்சாபுக்கு வந்து மறைப்பணி புரிந்த கோலக்நாத் என்பவரின் மகள். இவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர், பிரஸ்பிட்டீரியன் சபையினர்.

சிறுமியாக இருந்தபோதே அம்ரித் கௌரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். டார்செட் மாவட்டத்தில் ஷெர்போர்ன் என்னும் ஊரிலிருந்த பெண்கள் பள்ளியில் அவர் படித்தார். படிப்பில் மட்டுமன்றி விளையாட்டிலும் சுட்டி. குறிப்பாக டென்னிஸ் ஆட்டத்தில் கெட்டிக்காரர். பின்னாளில் அமைச்சரான பிறகும் விளையாட்டை மறக்கவில்லை; நம் நாட்டு இளைஞர்களுக்குப் பயிற்சியளிக்க அவர் தொடங்கிய திட்டம் அவர் பெயராலேயே வழங்கியது. எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும் தோழியர் சிலருக்காகவே இதை இங்கே சொல்லி வைக்கிறோம்!

இந்தியா திரும்பியதும் அவருக்கு வசதியான, கவலையற்ற வாழ்க்கை காத்திருந்தது. ஆனால் அவர் வீட்டுக்கு அடிக்கடி வந்து போனவர்களில் கோபால கிருஷ்ண கோகலேயும் ஒருவர். அவர் மூலமாகவே காந்தியடிகளின் பெயர் அம்ரித் கௌரின் காதில் விழுந்தது. 1919-இல் அவர் பம்பாயில் காந்தியடிகளை நேரில் கண்டார். அதே ஆண்டு ஜாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்தது. தேசப் பணியில் இறங்க வேண்டும் என்ற துடிப்பு அப்போதே உண்டாயிற்று என்றாலும், பெற்றோர் அதை விரும்பவில்லை. வயதான தந்தையை விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனம் வரவில்லை. 1930-இல் தந்தை காலமான பிறகே அவர் முழுவதுமாக வெளியே வந்தார்.

அதற்கு முன்பும் அவர் சும்மா இருக்கவில்லை. 1927-இல் அகில இந்திய மாதர் மாநாடு தோன்றியபோது அதை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். பர்தா வழக்கம், குழந்தை மணம், பெண் கல்வியின்மை ஆகியவற்றை எதிர்த்து அவர் ஊர் ஊராகப் பேசினார். பிறகு காந்தியடிகளின் செயலாளர்களில் ஒருவராகச் சேர்ந்தார். பட்டு உடுத்தி வளர்ந்தவர் கதர் உடுத்தி, சேவாகிராமத்து மண் குடிசைகளிடையே கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார். காந்தியடிகள் அவருக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெரிய நூலாகவே வந்துள்ளன. அவற்றில் அவரைக் கேலிப் பெயர்களால் அழைப்பதும், உடல்நலத்துக்கு இதை உண், அதை விடு என்று பாட்டியைப் போல் பத்தியம் சொல்வதும் படிக்க இனிமையாயிருக்கும். 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது அம்ரித் கௌர் சிறை சென்றார். அம்பாலா சிறையில் உடல் நலிந்ததால் சிம்லாவில் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

1947 ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. நேருவின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண்மணி அம்ரித் கௌர்தான். சுகாதாரத் துறை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் வயது அப்போது 60.

பதவியேற்ற உடனேயே அவர் கண்டது அகதி முகாம்கள். நாடு பிரிந்தபோது இலட்சக்கணக்கானோர் வீடிழந்து, கூடாரங்களில் குவிந்து கிடந்தனர். கூட்டம் சேர்ந்த இடத்தில் காலராவும் அம்மையும் வந்து விடும். அமைச்சர் என்ற பகட்டு இல்லாமல் முகாம் முகாமாகச் சென்று அவர் பணியாற்றினார்.

ஆனால் காலராவைப் போல் ஓசையுடன் வராமல், ஒவ்வொரு தெருவிலும் பதுங்கியிருந்து ஆளை மெல்ல மெல்லத் தின்ற வேறொரு நோய் இருந்தது. அதுவே காசநோய். அக்காலத்தவர் அதை எலும்புருக்கி என்றும் க்ஷயம் என்றும் சொன்னார்கள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டே சொன்னார்கள். அந்த நோயாளி இருந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் தந்த அறிக்கையின்படி, இந்தியாவில் சுமார் 25 இலட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. ஆண்டுதோறும் சுமார் 5 இலட்சம் பேர் இறந்தனர். நாடு முழுவதற்கும் இந்நோயாளிகளுக்கென இருந்த படுக்கைகளோ சில ஆயிரங்களே. நம் பக்கத்தில் 1928-இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து தொடங்கிய தாம்பரம் மருத்துவமனை இருந்தது. இன்றும் அங்கே மின்சார ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே பெரும்பாலும் அன்றைய மருந்து. ஏழைக்கு இவற்றுள் எது கிடைக்கும்?

மருத்துவமனை கட்டிக் கட்டி இந்த நோயைத் தீர்க்க முடியாது என்பது அம்ரித் கௌருக்குத் தெரிந்துவிட்டது. அப்போது அவர் பார்வை பி.சி.ஜி. மீது சென்றது.

பி.சி.ஜி.யின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரான்சு நாட்டில் லீல் நகரிலிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரான் என்ற இருவர், மாடுகளுக்கு வரும் காசநோய்க் கிருமியை எடுத்து, மாட்டின் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்கில் வளர்த்தார்கள். அதை மீண்டும் எடுத்துப் புதிதாக வளர்த்தார்கள். இப்படியே 13 ஆண்டுகளில் 230 முறை! முதல் உலகப் போரில் லீல் நகரத்தை ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட போதும் வேலை நிற்கவில்லை. முடிவில் அந்தக் கிருமி உயிரோடிருந்தும் நோய் தரும் வலிமையை இழந்தது. அவ்விருவரின் பெயரின் முதலெழுத்துக்கள்தாம் பி.சி.ஜி.யில் வரும் சி.யும் ஜி.யும். 1921-இல் பாரிஸ் நகரில், காசநோயால் தாயை இழந்த ஒரு பச்சிளங் குழந்தைக்கு அது முதன்முதலில் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது.

நல்ல கதையில் ஒரு துயரமும் உண்டு. 1930-இல் ஜெர்மனியில் லூபெக் என்னும் நகரில், ஆய்வுக்கூடத்தில் உண்மையான நோய்க்கிருமி இத்தடுப்பு மருந்தில் கலந்துவிட்டது. 70-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. குற்றம் பி.சி.ஜி.யின் மீது இல்லை என்று விசாரணையில் தெளிவான பிறகும், உலகம் அந்தப் பெயரை எளிதில் மறக்கவில்லை.

1948-ஆம் ஆண்டு. கிண்டியில், 1899 முதல் அம்மைப் பால் தயாரித்து வந்த கிங் நிலையம் இருக்கும் அதே வட்டாரத்தில், பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. மாம்பலத்தில் ரயிலேறினால் சைதாப்பேட்டை, அடுத்தது கிண்டி. இந்தியா முழுவதற்கும் குழந்தைகளின் காசநோய்த் தடுப்பு மருந்து நம் வீட்டுக்கு இரண்டு நிலையம் தள்ளித் தயாரானது என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமைதான். அதே ஆண்டு ஆகஸ்டில், இன்று ஆந்திரத்திலும் அன்று நம் சென்னை மாகாணத்திலும் இருந்த மதனப்பள்ளியில் முதல் ஊசிகள் போடப்பட்டன. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் நாடுகளின் தொண்டு நிறுவனங்களும் யூனிசெஃப் நிறுவனமும் கைகொடுத்தன. அந்தக் குளிர் நாடுகளிலிருந்து டாக்டர்களும் தாதியரும் வந்து நம் வெயிலில் ஊர் ஊராக நடந்தார்கள். 1951 முதல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. அதற்கு முந்திய 1950-ஆம் ஆண்டிலேயே உலக சுகாதாரப் பேரவையின் தலைவராக அம்ரித் கௌர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அப்பதவி பெற்ற முதல் பெண்மணி அவரே. முதல் ஆசியரும் அவரே.

அன்று ஊசி போடும் முறை இன்றுபோல் எளிதன்று. முதலில் குழந்தையின் முன்கையில் ஒரு சோதனை ஊசி. மூன்று நாள் கழித்து அதே குழந்தை மீண்டும் வரவேண்டும். போட்ட இடம் தடித்திருந்தால் அதன் உடலுக்குள் கிருமி முன்பே நுழைந்துவிட்டது என்று பொருள், அதற்குப் பி.சி.ஜி. வேண்டாம். தடிக்கவில்லையென்றால் மட்டுமே இரண்டாம் ஊசி. முதல் நாள் வரிசையில் நின்ற குழந்தைகளில் எத்தனையோ பேர் மூன்றாம் நாள் திரும்பி வரமாட்டார்கள். அறுவடை, திருவிழா, சித்தி வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். பி.சி.ஜி. போட்ட சில வாரங்களில் அந்த இடம் கொப்பளித்துச் சீழ் பிடித்து, ஆறும்போது தழும்பாகும். அது இயல்பானதே. ஆனால் நல்லாயிருந்த பிள்ளையின் கையில் புண்ணை உண்டாக்கிவிட்டார்களே என்று தாய்மார் பதறினார்கள். இதில் அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மருந்தோ அந்நாளில் நீர்மமாக இருந்தது. சில வாரங்களே தாங்கும். அதுவும் ஐஸில் வைத்திருந்தால்தான்.

இந்நிலையில்தான் 1955-ஆம் ஆண்டு பிறந்தது.

அவ்வாண்டு பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் யாரோ படிப்பறிவில்லாதவர் அல்லர். மூதறிஞர் இராஜாஜி! சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர். சென்னை இராஜ்யத்தின் முதலமைச்சராக இருந்து 1954-இல்தான் விலகியவர். பாரத ரத்னா விருது பெற்றவர். பசுல்லா சாலை வீட்டில் வாழ்ந்த அவர் ஒன்றும் அம்ரித் கௌருக்கு அந்நியரும் அல்லர். இருவரும் காந்தியடிகளின் நிழலில் வளர்ந்தவர்கள். மத்திய அமைச்சரவையில் ஒன்றாக அமர்ந்தவர்கள். கதர் உடை, மதுவிலக்கு எல்லாவற்றிலும் ஒத்த கருத்தினர். அப்படிப்பட்டவர் பொதுக்கூட்டங்களில் பேசினார், கட்டுரைகள் எழுதினார், தாம் ஏன் எதிர்க்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

அவர் சொன்ன காரணங்களை நேர்மையாகப் பார்க்க வேண்டும். வலுவிழந்ததாயினும் உயிருள்ள கிருமியை நல்ல உடலுக்குள் ஏன் செலுத்த வேண்டும் என்று கேட்டார். இம்மருந்து பயன் தரும் என்பதற்கு ஐயமற்ற சான்று எங்கே என்று கேட்டார். வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் நோய்க்குக் காரணமாயிருக்க, அவற்றை விட்டுவிட்டு ஊசியைத் தூக்குவானேன் என்று கேட்டார். இவற்றையெல்லாம்விட நம் மனத்தில் தைப்பது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஊசி போடுகிறார்களே, தாய் தந்தையர் சம்மதம் கேட்டார்களா என்பது அவர் வினா. பி.சி.ஜி. கட்டாயமன்று என்றது அரசாங்கம். ஆனால் ஆசிரியர் கூப்பிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரமாட்டேன் என்று சொல்லுமா? சொல்லிப் பார்த்தவர்கள் நம் பள்ளியில் யாரேனும் உண்டா?

அம்ரித் கௌர் பதில் அளித்தார். அவர் குரல் உயரவில்லை, பின்வாங்கவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களையும் நம் நாட்டுக் காசநோய் மருத்துவர்களையும் பேச வைத்தார். பிற நாடுகளில் கோடிக்கணக்கானோர் தீங்கின்றி இதைப் போட்டுக்கொண்டதை எடுத்துக் காட்டினார். வறுமை ஒழியட்டும், வீடுகள் பெருகட்டும், ஆனால் அதுவரை இந்தக் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்பதே அவர் கவலை. படுக்கைகள் சில ஆயிரம். நோயாளிகள் 25 இலட்சம். இந்தக் கணக்கை அவரால் மறக்க முடியவில்லை.

நம் இராஜ்யத்தில் பெற்றோர் பலர் தயங்கினர். இவ்வளவு பெரியவரே வேண்டாம் என்கிறாரே என்பது அவர்கள் எண்ணம். எனினும் இயக்கம் நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, 1956-இல், இங்கிலாந்தில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முதல் முடிவு வெளிவந்தது. பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்களிடையே காசநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அம்ரித் கௌருக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

அதே 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளி மருத்துவமனைக்குப் போகாமல் தம் சிறு வீட்டிலேயே இருந்து மருந்து உட்கொண்டாலும் அதே அளவு குணமாகிறார், உடன் வசிப்பவர்களுக்கும் அதனால் அபாயம் கூடுவதில்லை என்று அந்நிலையம் 1959-இல் உலகுக்குக் காட்டிற்று. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது அங்கேதான். இதுவும் நம் நகரத்தின் பெருமை.

அமைச்சராக அம்ரித் கௌர் செய்த மற்றப் பணிகளைச் சுருக்கமாகவே சொல்கிறோம். மலேரியாவுக்கு எதிரான நாடு தழுவிய திட்டம் 1953-இல் தொடங்கிற்று. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கான மசோதாவை 1956-இல் பாராளுமன்றத்தில் அவரே கொண்டுவந்தார். அதற்காக நியூசிலாந்து முதலிய நாடுகளிடம் உதவி கேட்டுப் பெற்றதும் அவரே. தில்லியிலுள்ள தாதியர் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1957 வரை பத்தாண்டுகள் அமைச்சராயிருந்த பிறகும் செஞ்சிலுவைச் சங்கத்தையும் காசநோய்ச் சங்கத்தையும் விடவில்லை. சிம்லாவிலிருந்த தம் வீட்டைத் தாதியரும் மருத்துவ ஊழியரும் ஓய்வெடுக்கும் இல்லமாக அளித்துவிட்டார். மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த அவர் 1964 பிப்ரவரி 6-ஆம் நாள் தில்லியில் மறைந்தார். வாழ்நாள் முழுதும் கிறிஸ்துவராக இருந்த அவர் உடல், சீக்கிய முறைப்படி யமுனைக் கரையில் தகனம் செய்யப்பட்டது.

கதை இங்கே முடிந்துவிட்டால் எங்களுக்கு எழுதுவது எளிதாயிருந்திருக்கும். ஆனால் அவர் மறைந்த பின் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விடுவது முறையன்று.

1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில், பி.சி.ஜி.யைப் பற்றிய உலகிலேயே மிகப் பெரிய ஆய்வு தொடங்கிற்று. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்கு பெற்றனர். சிலருக்கு உண்மையான பி.சி.ஜி.; சிலருக்கு வெறும் நீர். எவருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்து 1979-இல் முடிவை வெளியிட்டபோது உலகமே திகைத்தது. பெரியவர்களின் நுரையீரலில் வரும் காசநோயைப் பி.சி.ஜி. அங்கே தடுக்கவில்லை! இங்கிலாந்தில் பலித்தது செங்கற்பட்டில் பலிக்காமல் போனது ஏன்? நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் பல வாழ்கின்றன. சிறு வயதிலேயே அவை நம் உடலுக்குப் பழகிவிடுவதால் ஊசியின் விளைவு தெரியாமல் போகிறது என்று அறிவியலார் பலர் விளக்குகின்றனர்.

அப்படியானால் இராஜாஜி வென்றாரா? அவர் 1972-இலேயே மறைந்துவிட்டார். சான்று போதாது என்று அவர் சொன்னதில் உண்மை இருந்தது என்று நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நல்ல உடலுக்கு இது கேடு செய்யும் என்ற அவர் அச்சம் மெய்யாகவில்லை. அத்துடன் மற்றொன்றும் தெரிந்தது. கைக்குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் காசநோயையும், உடல் முழுதும் தினையளவு கட்டிகளாகப் பரவும் காசநோயையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. இந்த இரண்டும் வந்த குழந்தை பிழைப்பது அரிது. பிழைத்தாலும் கண்ணோ காதோ அறிவோ குன்றிவிடும். அதனால்தான் 1978-இல் தொடங்கிய விரிவான தடுப்பூசித் திட்டத்திலும், 1985 முதல் நடைபெறும் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்திலும் பிறந்த குழந்தைக்கு முதல் ஊசிகளில் ஒன்றாகப் பி.சி.ஜி. நிலைத்தது. சோதனை ஊசியும் மூன்று நாள் காத்திருப்பும் எப்போதோ கைவிடப்பட்டன. அம்ரித் கௌர் எதிர்பார்த்த அளவு அவருடைய ஊசி செய்யவில்லை; ஆனால் மிகச் சிறிய குழந்தைகளுக்குச் செய்தது. அது சிறிய காரியமா என்பதைத் தாய்மாரிடம் கேட்க வேண்டும்.

கிண்டி ஆய்வுக்கூடத்துக்கும் சோதனைக் காலம் வந்தது. தயாரிப்பு முறைகள் புதிய விதிகளுக்கு ஏற்ப இல்லை என்று 2008-இல் அதன் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கும் அதே கதி. இரண்டாண்டுகளுக்குப் பின் அந்தத் தடை நீக்கப்பட்டது.

2017 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்தது நம் அக்காமாருக்கு நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே. அப்போது கைப்பேசிகளில் பரவிய வதந்திகள் கொஞ்சமல்ல. ஊசி போட்ட குழந்தை மயங்கிவிட்டது என்றும், வெளிநாட்டுச் சதி என்றும், வீட்டுக்கு வீடு செய்தி பறந்தது. அன்று காலை வகுப்பில் பாதி இருக்கைகள் காலியாக இருந்ததாகவும், சில அம்மாக்கள் வாயிலில் நின்று அருட்சகோதரிகளிடம் மணிக்கணக்கில் கேள்வி கேட்டதாகவும் சொல்கிறார்கள். அருட்சகோதரிகள் கோபிக்காமல் உட்கார வைத்துப் பதில் சொன்னார்களாம். கேட்டவர்களில் பலர் மறுநாள் தாங்களே பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வந்தார்களாம். ரூபெல்லா கருவிலிருக்கும் குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் கெடுக்கும் நோய் என்பதும், இன்றைய சிறுமியருக்குப் போடும் ஊசி நாளைய தாய்மாரைக் காப்பது என்பதும் அந்த வாயிலில் நின்று கேட்டதால்தான் தங்களுக்குத் தெரிந்தது என்று ஓர் அம்மா எங்களிடம் கூறினார்.

1955-இல் யாராவது இப்படி உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். முடிவுக்கு வர முடியவில்லை. எங்களுள் இருவர் இராஜாஜி பக்கம். மூவர் இராஜகுமாரி பக்கம்.

செங்கற்பட்டில் விடை தெரிந்துவிட்டது என்று எண்ணிய கேள்வியை இப்போது மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு நம் நாட்டின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கும் பி.சி.ஜி. ஊசி போட்டுப் பார்க்கும் ஆய்வு தொடங்கியது. அறுபது வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள் ஆகியோருக்கு அது போடப்பட்டது. தாதி முதலில் ஒரு தாளை நீட்டினார். விவரம் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே சட்டைக் கையை உயர்த்தச் சொன்னார்.